இளம் வீரரை எடை போடுதல்

ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தில் அணிக்கு 18 பேர். ஆடுகளம் முட்டை வடிவினது. புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கையில், அவ்வாண்டு கடைசியில் நின்ற சங்கத்திற்கே முதலுரிமை உண்டு. 2018-இல் அவ்வுரிமை பெற்ற கார்ல்டன் சங்கம், சாம் வால்ஷ் என்னும் நடுக்கள வீரரைத் தேர்ந்தது.

இத்தகைய இளைஞரை எங்ஙனம் மதிப்பிடுவது? பந்தை எத்தனை முறை பெற்றார் என எண்ணுதல் எளிது. பெற்றபின் யாருக்கு வழங்கினார், பந்து எதிரணியிடம் சென்றதும் திரும்பி ஓடினாரா என்று காண்பதே அரிது. விடைத்தாள் திருத்திய ஆசிரியனாகிய யான், விடையினும் வழிமுறையையே உற்று நோக்குவேன்.

வால்ஷ் 2019-இல் 22 ஆட்டங்களிலும் ஆடினார். அணி வென்றவை ஏழே. எனினும் அவ்வாண்டின் சிறந்த இளம்வீரர் விருது அவருக்கே கிட்டியது. தோல்விகளுக்கிடையே தளராது ஓடுபவரை நம்பலாம். நீங்களும் பிறரை மதிப்பிடுங்கால் இதனை நினைவிற் கொள்வீர்களாக!