வாய் வறள்வது தலையெழுத்தா?



வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டவர்களுக்குக் கதிர் வைத்தியம் செய்கிறார்கள். வியாதி தீர்ந்தும் சிலருக்கு எச்சில் ஊறுவதில்லை. சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்தே விழுங்க வேண்டியிருக்கிறது. உப்பும் புளியும் தெரிவதில்லை. பற்கள் சொத்தையாகி விடுகின்றன. அதே வைத்தியம் செய்துகொண்ட வேறொருவர் நன்றாகச் சாப்பிடுகிறாரே, அது ஏன் என்று கேட்டால், "அவரவர் தலையெழுத்து" என்று சொல்லி விடுகிறோம். இதுதானா காரணம் என்று சற்று யோசித்துப் பார்ப்போம்.

எச்சிலைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் காதுக்கு முன்புறம் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. கதிரைக் 'கிரே' என்னும் அளவால் அளக்கிறார்கள். கட்டியை அழிக்கச் சாதாரணமாக 7 வாரத்தில் 35 தவணையாக 70 கிரே கொடுப்பதுண்டு. இதில் எச்சில் சுரப்பிக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு சுரப்பிகளுக்கும் சராசரி 25 கிரேக்குள்ளோ, ஒன்றுக்காவது 20 கிரேக்குள்ளோ நின்றால், கடுமையான வறட்சியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த நிபுணர்கள் 2010-ல் சொன்னார்கள்.

பிரிட்டனில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். பழைய முறையில் வைத்தியம் பெற்றவர்களில் ஒரு வருஷம் கழித்தும் வாய் வறண்டு துன்பப்பட்டவர்கள் நூற்றுக்கு 74 பேர். சுரப்பியை ஒதுக்கிக் கதிரைச் செலுத்தும் புது முறையில் 38 பேர். இந்த முடிவு 2011-ல் வெளிவந்தது. இயந்திரத்தை மாற்றியதும் தலையெழுத்தும் மாறிவிட்டதா, தோழர்களே?

ஹாலந்து தேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஒரே நோயாளிக்குச் சாதாரணக் கதிருக்கு ஒரு திட்டமும், புரோட்டான் கதிருக்கு ஒரு திட்டமும் போட்டு, எதில் வாய் வறட்சியும் விழுங்கும் கஷ்டமும் வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். போதுமான அளவு நன்மை உண்டென்று கண்டவர்களுக்கே புரோட்டான் கொடுக்கிறார்கள். இந்தக் கணக்கு இன்னாருக்கு நிச்சயம் வரும் என்று ஜோசியம் சொல்லுவதில்லை. இவரைப்போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு வரும் என்றுதான் சொல்லுகிறது. தப்பினால் திருத்திக்கொள்ளுகிறது.

நிற்க, நாம் செய்யவேண்டியது என்ன? கதிர் தொடங்குமுன் பல் வைத்தியரிடம் வாயைக் காட்டவேண்டும். பிடுங்கவேண்டிய பல்லை முன்னமேயே பிடுங்கிப் புண்ணை ஆறவிடவேண்டும். அதிகக் கதிர் பட்ட தாடையில் பிறகு பல்லைப் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகக்கூடும். இரண்டு மூன்று வாரத்தில் வாய்ப்புண் வரும்; கூடவே புற்றுநோய் மருந்தும் ஏற்றினால் அதிகமாகும். ஆகையால் புகையிலையை விட்டொழிக்க வேண்டும். வாயை நாள்தோறும் சுத்தமாய் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, "எங்கள் எச்சில் சுரப்பிக்கு எத்தனை கிரே போகும்? குறைக்க வழியுண்டா?" என்று வைத்தியரைக் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். தலையெழுத்து என்று நம்புகிறவனுக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கணக்கென்று அறிந்தவன்தான் கேட்பான்.