மழை ஏமாற்றினால் மறு யோசனை என்ன?



இன்றைக்குப் புது விதையைப் பற்றியோ புது உரத்தைப் பற்றியோ நான் பேச வரவில்லை. நாம் ஒன்று நினைக்க மழை ஒன்று நினைத்தால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் கொஞ்ச நேரம் பேசலாம் என்றிருக்கிறேன்.

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் பாதிக்கு மேலே மானாவாரிக் காடுதான். வேப்பந்தட்டை, ஆலத்தூர், குன்னம் பக்கம் கரிசல். அதிலே மக்காச்சோளம், பருத்தி. செட்டிகுளம் பக்கம் கிணற்றை நம்பிச் சின்ன வெங்காயம். செந்துறை, ஆண்டிமடம் பக்கம் செம்மண். அங்கே முந்திரி, கடலை. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால்தான் வீட்டிலே நெல்லும் பணமும்.

அந்த மழை எப்போதும் சொன்ன சொல் காப்பாற்றுகிறதா? 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலே வழக்கத்தைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்து போயிற்று. 2017 ஜனவரியிலே எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. ஆகவே, விதைக்கு முன்னாலேயே மறு யோசனையும் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, மழை தாமதமானால் என்ன செய்வது? மக்காச்சோளத்துக்கு 100 நாளுக்கு மேல் வயது. பூட்டை விட்டுக் கதிர் பிடிக்கிற 50, 60 நாள் கட்டத்திலே மண்ணில் ஈரம் இருந்தே ஆக வேண்டும். புரட்டாசியில் விதைத்தால் அந்தக் கட்டம் கார்த்திகை மழையோடு ஒத்துப்போகும். ஐப்பசி பாதிக்கு மேல் விதைத்தால் அது மார்கழி, தையிலே வந்து நிற்கும். அப்போது மழை ஏது? தட்டை இருக்கும், மணி இருக்காது. அதனாலே ஐப்பசி பாதி தாண்டியும் நல்ல மழை இல்லையென்றால், மக்காச்சோள விதையை மூட்டையிலேயே கட்டி வைத்துவிடுங்கள். கரிசல் காட்டிலே கொண்டைக்கடலை, கொத்தமல்லி போடலாம். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பனியிலேயே இவை தேறிவிடும். செம்மண் சீக்கிரம் காயும். அங்கே 65, 75 நாளில் வருகிற உளுந்து போடலாம். அதுவும் தவறினால் கொள்ளு. மாட்டுக்குத் தீவனம் முடை என்றால் தீவனச் சோளம்.

இரண்டாவது, முளைத்த பயிர் காய்ந்தால்? இதுதான் மனசுக்குக் கஷ்டமான கட்டம். ஒரு கூட்டத்திலே ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "முளைச்ச பயிரை எப்படிங்க ஏர் கட்டி அழிக்கிறது? பெத்த புள்ளை மாதிரி ஆச்சுங்களே." நியாயமான கேள்வி. நான் சொன்னது இதுதான்: "ஐயா, விதைக்கும் உழவுக்கும் போட்ட பணம் போய்விட்டது. அது இனி திரும்பாது. ஆனால் இப்போது பெய்திருக்கிற மழையின் ஈரம் இன்னும் மண்ணிலே இருக்கிறது. அது உங்களுக்காக ஒரு வாரம்கூடக் காத்திருக்காது. போன பணத்தைப் பார்ப்பீர்களா, இருக்கிற ஈரத்தைப் பார்ப்பீர்களா?"

அதற்காக அவசரப்பட்டும் அழிக்க வேண்டாம். காட்டிலே ஐந்து இடத்திலே நின்று சாலிலே எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் பயிர் நின்றால் பத்து நாளுக்குள் பாடு விழுந்த இடத்திலே ஊன்றி நிரப்புங்கள். பாதிக்குக் கீழே என்றால், அடுத்த மழை ஈரத்திலே உழுது, முன்னே சொன்ன குறைந்த வயதுப் பயிருக்கு மாறிவிடுங்கள்.

பயிர் நன்றாக நின்று, நடுவிலே மழை விட்டுவிட்டால் களைக்கொத்தால் மேல்மண்ணைக் கிளறி விடுங்கள். வெடிப்பு மூடும், ஈரம் ஓடாது. உளுந்து பூக்கும்போது ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளித்தால் காய் பிடிப்பு நன்றாக இருக்கும்.

மூன்றாவது, மழை பெய்தும் வெள்ளாமை கெட்டுப்போவது. 2018ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு, 2016இல் ஆப்பிரிக்காவுக்கு வந்து, 2018 மே மாதம் கர்நாடகத்திலே தென்பட்டு, அந்த வருஷமே நம்ம மக்காச்சோளக் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்றதைப் பார்த்துக் கலங்காதவர் இல்லை. அன்றைக்கு மக்காச்சோளத்தை மட்டுமே நம்பியவர்கள் அதிகம் பட்டார்கள்.

இப்போது நமக்கு வழி தெரியும். கடைசி உழவிலே ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். வரப்போரம் தட்டைப்பயறோ எள்ளோ துவரையோ விதையுங்கள். முளைத்த நாள் முதல் வாரம் இரண்டு தடவை குருத்தைப் பிரித்துப் பாருங்கள். புழுவின் தலையிலே தலைகீழ் ஒய் எழுத்து மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாய் நாலு புள்ளி இருந்தால் அதுதான் ஆள். 15, 20 நாள் பயிரிலே ஒரு சதவீத அசாடிராக்டின் வேப்ப மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்து குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். மேலாக இலையிலே அடித்தால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கும் அடங்காவிட்டால் வேளாண் அலுவலரைக் கேட்டு அடுத்த மருந்துக்குப் போங்கள்.

கடைசியாகப் பண விஷயம். கையிலே இருப்பதை எல்லாம் முதல் விதைப்பிலேயே கொட்டிவிடாதீர்கள். மறு விதைப்புக்கென்று ஒரு பங்கைத் தனியே முடிந்து வையுங்கள். வெங்காயக்காரர்கள் விலை சரிந்தால் நன்றாக உலர்த்திப் பட்டறை போட்டுக் காத்திருப்பது இல்லையா, அந்த யோசனைதான் இதுவும்.

பயிர்க் காப்பீட்டையும் கெடுவுக்குள் செய்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். மக்காச்சோளத்துக்குப் பதிந்துவிட்டு உளுந்துக்கு மாறினால், கெடு முடியும் முன் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர் தருகிற அடங்கலிலே ஒரு பயிரும் காட்டிலே வேறு பயிரும் இருந்தால் இழப்பீடு சிக்கலாகிவிடும்.

சந்தேகம் இருந்தால் வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. பருத்திக்கென்றே வேப்பந்தட்டையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நேரே போய்க் கேளுங்கள்.

இன்றைக்கு ராத்திரியே வீட்டு அம்மாவையும் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். புரட்டாசியில் மழை வந்தால் இது, ஐப்பசி பாதிக்கு மேல் என்றால் அது, கார்த்திகை ஆகிவிட்டால் இன்னொன்று என்று மூன்று வரி எழுதிச் சுவர் நாள்காட்டிப் பக்கத்திலே ஒட்டி வையுங்கள். மழை தவறுவதை நாம் தடுக்க முடியாது. தவறிய அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல் இருக்க முடியும்.