பாவமறியாப் பிஞ்சுகளும் நரகமும்

 

நரகத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று நம் இளைஞர்கள் கேட்பதுண்டு. ஒரே வாக்கியத்தில் விடை கூற இயலாத கேள்வி இது. கத்தோலிக்கர்கள் சொர்க்கம், நரகம் ஆகியவற்றோடு, ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலம் ஒன்றையும் நம்புகின்றனர். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி அவர்கள் இறந்தோருக்காகப் பிரார்த்திப்பது இந்நம்பிக்கையால்தான். புராட்டஸ்டண்டுகள் அதை மறுக்கின்றனர். யெகோவாவின் சாட்சிகளோ முடிவற்ற வேதனை என்பதையே ஏற்பதில்லை. எனவே ‘கிறிஸ்தவர்களின் கொள்கை’ என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவது பிழையில் போய் முடியும். மேடைகளில் நம்மவர்களும் அப்பிழையைச் செய்திருக்கின்றனர்.

இன்று ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்துவிட்ட பச்சிளங்குழந்தை எங்கே செல்கிறது? பல நூற்றாண்டுகளாக எத்தனையோ தாய்மார்களின் உறக்கத்தைப் பறித்த கேள்வி இது.

சுவிசேஷங்களில் நரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘கெஹென்னா’. நாம் ஓதும் ‘ஜஹன்னம்’ என்ற சொல்லுக்கு இது உறவுடையது. எபிரேய மொழியில் இது ஜெரூசலத்தின் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். மோளேகு என்ற பொய்த் தெய்வத்துக்குப் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட இடம் அது என்றும், யோசியா மன்னர் அக்கொடுமையை ஒழித்தார் என்றும் பைபிளின் பழைய ஏற்பாடு கூறுகிறது. குழந்தைகளை எரித்த பூமியின் பெயரே நரகத்தின் பெயராயிற்று. உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எக்குற்றத்திற்காக நீ கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் எனும் கருத்தைத் திருக்குர்ஆனின் 81ஆம் அத்தியாயத்தில் ஓதும் நமக்கு, இந்தச் சொல்லின் வரலாறு நெஞ்சைச் சுடுகிறது.

அத்தகைய நரகத்திற்கே குழந்தைகளும் செல்வர் என்று எண்ணும் நிலை எப்படி உருவாயிற்று? இன்றைய அல்ஜீரியாவில் ஆயராக இருந்த அகுஸ்தினார் (354 - 430), ஆதாமின் பாவம் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் தொடர்கிறது, ஞானஸ்நானமே அதனைக் கழுவும் என்று வாதிட்டார். அது கிடைக்காத குழந்தை நரகத்திற்கு உரியதே, ஆயினும் அதன் தண்டனை யாவற்றினும் இலேசானது என்பது அவர் முடிவு. அந்த ‘இலேசானது’ என்ற சொல்லில் அவருடைய மனச் சங்கடமும் தெரியத்தான் செய்கிறது. பின்வந்த அறிஞர்களால் அம்முடிவைத் தாங்க முடியவில்லை. நரகத்தின் எல்லையில், வேதனை இல்லாத, ஆனால் இறைதரிசனமும் இல்லாத ஓர் இடத்தை அவர்கள் வகுத்தனர். அதற்கு ‘லிம்போ’ என்று பெயர். ஆடையின் ஓரம், விளிம்பு என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். அங்குள்ள குழந்தைகள் துயரமின்றி இயற்கையான மகிழ்ச்சியுடன் இருப்பர் என்றார் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ்.

ஏடுகளில் இது நுட்பமான விவாதம். அயர்லாந்தின் கிராமங்களிலோ இது மண்வெட்டியும் சிறு பெட்டியுமாக இருந்தது. ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்குத் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. ‘கில்லீன்’ எனப்படும் ஒதுக்குப்புற நிலங்களில், இடிந்த ஆலயங்களின் அருகிலும் வயல் வரப்புகளிலும் கடலோரங்களிலும் அவை புதைக்கப்பட்டன. பெரும்பாலும் தந்தையோ ஆண் உறவினரோ பொழுது சாய்ந்த பின் பெட்டியைச் சுமந்து செல்வார். தாய் உடன் செல்வதில்லை. பெயர் எழுதாத கல் ஒன்றே அடையாளம். 20ஆம் நூற்றாண்டிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இவ்வாறு கருதவில்லை என்பதையும் நீதியுடன் சொல்ல வேண்டும். பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேயினரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏட்டில் இக்குழந்தைகளை இறைவனின் கருணையிடம் ஒப்படைத்தது. 2007 ஏப்ரலில் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம், அவர்கள் ஈடேற்றம் பெறுவர் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என்று அறிவித்தது. ஆயினும் இது நம்பிக்கைதான், உறுதியான அறிவன்று என்றும் சேர்த்தே கூறியது. லிம்போ ஒருபோதும் கட்டாயக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை என்பதும் அப்போது பலருக்குத் தெரிய வந்தது. வரப்பில் பெட்டியைப் புதைத்த தந்தைக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

இஸ்லாத்தில் ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா எனும் தூய இயல்பில் பிறக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கண்ட கனவில், சோலை ஒன்றில் இப்ராஹீம் (அலை) அவர்களைச் சூழ ஏராளமான குழந்தைகள் இருந்தனர். இணைவைப்போரின் குழந்தைகளுமா என்று தோழர்கள் வினவ, ஆம், அவர்களும்தான் என்ற கருத்தில் அண்ணலார் விடையளித்தார்கள் (புகாரி). இணைவைப்போரின் குழந்தைகள் குறித்து நம் அறிஞர்களிடையேயும் மாறுபட்ட கருத்துகள் இருந்ததுண்டு. அவர்களும் சொர்க்கவாசிகளே என்பதே சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். ஆகவே அடுத்த வீட்டுக் கிறிஸ்தவத் தாய் சிசுவை இழந்து நிற்கும்போது, அவளுடைய மதம் என்ன சொல்கிறது என்று வாதிக்கச் செல்லாதீர்கள். ஆறுதல் சொல்லச் செல்லுங்கள்.

நம் இல்லங்களையும் சற்றுப் பாருங்கள். குறைமாதத்தில் இறந்து பிறந்த சிசுவை அவசர அவசரமாக எடுத்துச் சென்று, எங்கே அடக்கினோம் என்றுகூடத் தாயிடம் சொல்லாத வீடுகள் நம்மிடமும் உண்டு. உயிரின் அறிகுறி தென்படாத சிசுவுக்கு ஜனாஸா தொழுகை உண்டா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். உருவம் பெற்ற சிசுவைத் துணியில் சுற்றிக் கண்ணியமாக அடக்க வேண்டும் என்பதில் வேறுபாடில்லை. தாய் அழுதால், பொறுமையில்லை என்று அதட்டுகிறோம். தம் சின்னஞ்சிறு மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது அண்ணலாரின் கண்களே கண்ணீர் சிந்தின.

அபூஹஸ்ஸான் என்பவர் தம் இரு புதல்வர்களையும் இழந்தார். மனத்துக்கு ஆறுதலாக நபிமொழி ஏதேனும் சொல்லுங்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் வேண்டினார். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் அச்செய்தியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அவருடைய ஆடையைத் தொட்டுக் காட்டி விளக்குகிறார்கள்: சிறு வயதில் இறந்த பிள்ளைகள் சொர்க்கத்தில் தடையின்றி உலவுவர். தந்தையைக் கண்டதும் அவருடைய ஆடையின் ஓரத்தை, இதோ நான் பிடித்திருப்பது போல, பிடித்துக்கொள்வர். அவரையும் அல்லாஹ் சொர்க்கத்தில் நுழைவிக்கும் வரை விடமாட்டார்கள்.