இரண்டு வாக்கியங்களும் ஒரு சிறு சொல்லும்



ஆங்கிலத்தில் பெரிய சொற்களைக் கையாள நம் மாணவர்கள் அஞ்சுவதில்லை. அகராதியைப் புரட்டி, நான்கைந்து அசைகள் கொண்ட சொல்லைத் தேடியெடுத்துக் கட்டுரையில் பதித்துவிடுகிறார்கள். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தியவன் என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லுகிறேன். என் சிவப்பு மை மிகுதியாகச் செலவானது பெரிய சொற்களுக்காக அன்று. ‘அண்ட்’, ‘பட்’, ‘இஃப்’, ‘தோ’, ‘பிகாஸ்’ என்னும் சிறு சொற்களுக்காகவே. இவற்றை ஆங்கில இலக்கணத்தார் கன்ஜங்ஷன் என்பர். நாம் இணைப்புச் சொல் என்கிறோம். அன்றாட ஆங்கில வாக்கியங்களில் இவை எவ்வாறு பணிபுரிகின்றன என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

புகைவண்டி நிலையத்தில் பெட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியும் தனித்து நிற்கவல்லது. அவற்றை ஒரே வண்டியாக்குவது இடையிலுள்ள இரும்புக் கொக்கி. ‘மழை பெய்தது’ என்பது ஒரு பெட்டி. ‘நான் வீட்டில் இருந்தேன்’ என்பது மற்றொரு பெட்டி. இரண்டும் உண்மைச் செய்திகளாகவே இருக்கட்டும். ஆனால், மழை பெய்ததால் வீட்டில் இருந்தேனா? மழை பெய்தபோது தற்செயலாக வீட்டில் இருந்தேனா? மழை விடும் வரையில் இருந்தேனா? இவற்றைப் பெட்டிகள் சொல்லமாட்டா, கொக்கிதான் சொல்லும். ‘பிகாஸ்’ என்றால் காரணம். ‘வென்’ என்றால் காலம். ‘டில்’ என்றால் எல்லை. செய்தியைத் தருவன வாக்கியங்கள். அச்செய்திகளுக்கிடையே உள்ள உறவைப் பற்றி நாம் கொண்ட கருத்தைத் தருவது இணைப்புச் சொல். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இணைப்புச் சொற்கள் இருவகைப்படும். முதல் வகை, சம நிலையில் உள்ள இரண்டை இணைப்பது. ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’, ‘நார்’, ‘யெட்’, ‘ஸோ’, ‘ஃபார்’ ஆகிய ஏழும் இவ்வகை. இரண்டாம் வகை, ஒரு வாக்கியத்தை மற்றொன்றின் சார்பாக்குவது. ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘இஃப்’, ‘வென்’, ‘அன்லெஸ்’, ‘தட்’ முதலியன இவ்வகை. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஒரு சோதனை மேலானது. ‘ஐ ஸ்டேட் அட் ஹோம் பிகாஸ் இட் ரெய்ன்ட்’ என்னும் வாக்கியத்தில் ‘பிகாஸ் இட் ரெய்ன்ட்’ என்பதைப் பெயர்த்து முன்னே வையுங்கள், பொருள் கெடாது. ‘இட் ரெய்ன்ட், ஸோ ஐ ஸ்டேட் அட் ஹோம்’ என்பதில் ‘ஸோ’வுடன் தொடங்கும் பகுதியை முன்னே கொண்டுவந்து பாருங்கள், வாக்கியம் குலைந்துவிடும். இரண்டும் சொல்லும் செய்தி ஏறத்தாழ ஒன்றே. எனினும் ஒன்று தன் பகுதியோடு இடம் பெயரும், மற்றொன்று பெயராது. பெயர்வது சார்பு வாக்கியம் என்று அறிந்துகொள்ளலாம்.

இனி, தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றைக் காண்போம். ‘தோ ஹீ வாஸ் டயர்ட், பட் ஹீ ஒர்க்ட்’ என்று எழுதுவார்கள். ‘ஆஸ் இட் வாஸ் ரெய்னிங், ஸோ ஐ டிட் நாட் கம்’ என்றும் எழுதுவார்கள். ஒரு கொக்கி போதுமான இடத்தில் இரண்டு கொக்கிகள்! ‘இரண்டில் ஒன்றை அடி’ என்று சொல்லித் திருத்திவிடலாம். அப்படித்தான் நானும் பல ஆண்டுகள் திருத்தினேன். ஆனால், அடுத்த கட்டுரையிலும் அதே பிழை வரும். ஏன் வருகிறது என்று எண்ணிப் பார்த்தபோதுதான் விடை தமிழில் கிடைத்தது.

‘மழை பெய்ததால் நான் வரவில்லை’ என்கிறோம். காரணத்தைக் காட்டும் ‘ஆல்’ எங்கே நிற்கிறது? முதற்பகுதியின் இறுதியில், வினையோடு ஒட்டி, இரு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. ‘களைத்திருந்தாலும் உழைத்தார்’ என்பதிலும் அவ்வாறே. ‘வருவேன் என்று சொன்னார்’ என்பதில் ‘என்று’ நிற்பதும் அந்தச் சந்திப்பிலேதான். ஆங்கிலத்திலோ இணைப்புச் சொல் தன் பகுதியின் தலையில் நிற்கும். சார்பு வாக்கியம் முன்னே வரும்போது அச்சொல் எல்லாவற்றுக்கும் முதலிலே போய் நின்றுவிடுகிறது. சந்திப்பில் ஒரு காற்புள்ளி மட்டுமே எஞ்சுகிறது. சந்திப்பில் ஒரு சொல்லைக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவி, அங்கே வெறுமையைக் கண்டதும் ஒரு ‘பட்’டையோ ‘ஸோ’வையோ இட்டு நிரப்பிவிடுகிறது. மாணவன் அறிவற்றவன் அல்லன். அவன் தாய்மொழியின் பழக்கத்துக்கு உண்மையாக இருக்கிறான். இதை விளக்கிச் சொன்ன பிறகு என் வகுப்பில் அப்பிழை பெரிதும் குறைந்தது. ‘தோ’வுக்குப் பின் ‘யெட்’ வருதல் ஆங்கிலத்தில் பழைய மரபு. ‘பட்’ வருவதற்கு அத்தகைய மரபு இல்லை.

மற்றொரு நுட்பம். ‘அப்பா மாலையில் வந்தால் கேட்டுச் சொல்கிறேன்’ என்கிறோம். அப்பா வருவது உறுதியாயினும் ஐயமாயினும் தமிழில் ‘வந்தால்’ என்றே சொல்லலாம். ஆங்கிலத்தில் அப்படியன்று. வருவது உறுதி என்றால் ‘வென்’. ஐயம் என்றால் ‘இஃப்’. நாள்தோறும் மாலையில் வீடு திரும்பும் தந்தையைப் பற்றி ‘இஃப் மை ஃபாதர் கம்ஸ் ஹோம்’ என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயர் அந்தக் குடும்பத்தில் ஏதோ துயரம் நேர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடும்! ‘அன்லெஸ்’ என்பதும் இத்தகைய எச்சரிக்கைக்கு உரியது. அதற்குள்ளேயே எதிர்மறை அடங்கியிருக்கிறது. ‘அன்லெஸ் யூ டோன்ட் ஒர்க் ஹார்ட், யூ வில் ஃபெயில்’ என்று ஒரு மாணவன் நண்பனுக்கு அறிவுரை எழுதினான். எதிர்மறை இருமுறை வந்ததால், ‘நன்றாக உழைத்தால் நீ தோற்பாய்’ என்பது அதன் பொருளாயிற்று.

இவையெல்லாம் இலக்கணப் பிழைகள். ஆசிரியர் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். இலக்கணம் சற்றும் வழுவாமலே இணைப்புச் சொல்லில் தவறு செய்ய முடியும். அப்படி ஒரு தவற்றை நானே செய்தேன்.

2006-ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற புதிது. மேல்நிலைப் படிப்பை முடித்த மாணவன் ஒருவன் கல்லூரியில் உதவித்தொகை பெறுவதற்காக நற்சான்று கேட்டு வந்தான். அவன் தந்தையார் கைத்தறி நெசவாளர். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ‘ஹீ கம்ஸ் ஃப்ரம் எ புவர் ஃபேமிலி, பட் ஹீ இஸ் ஹானஸ்ட்’ என்பது அதில் ஒரு வாக்கியம். பையன் படித்தான்; போகாமல் நின்றான். “என்னப்பா?” என்றேன். “ஐயா, இதில் ‘பட்’ எதற்கு ஐயா?” என்று கேட்டான். இலக்கண ஐயம் கேட்கிறான் என்று நினைத்து, “ஒன்றுக்கொன்று மாறான இரண்டை இணைப்பதற்கு” என்று பாடம் சொன்னேன். அவன் தலை குனிந்தபடியே, “ஏழையாக இருப்பதும் நேர்மையாக இருப்பதும் ஒன்றுக்கொன்று மாறா, ஐயா?” என்றான்.

எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. அவன் குடும்பம் ஏழ்மையானது என்பது உண்மை. அவன் நேர்மையானவன் என்பதும் உண்மை. பெட்டிகள் இரண்டும் பழுதற்றவை. கொக்கியிலேதான் என் பழுது இருந்தது. ஏழையிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்று நான் வாய்திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால், அந்த மூன்றெழுத்துச் சொல் எனக்காகச் சொல்லிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘அவன் நேர்மையானவன்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அடுத்த வாக்கியத்தில், ‘குடும்பத்தின் வருவாய் மிகச் சிறிதாயினும் அவன் ஒருநாளும் பள்ளிக்கு வரத் தவறியதில்லை’ என்று எழுதி, ‘ஆல்தோ’வை அங்கே வைத்தேன். வறுமை, படிப்புக்கு உண்மையாகவே தடை; அத்தடையை அவன் கடந்தான். அங்கே அந்தச் சொல் பொருத்தமானது; அவனுக்குப் பெருமையும் ஆனது. பையன் படித்துப் பார்த்து, கைகூப்பிவிட்டுச் சென்றான். அன்று பாடம் கற்றுக்கொண்டவன் நான்தான்.

மாணவர்களே, ‘உம்’ என்னும் ஓர் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்களை வகுத்துக் காட்டினார் தொல்காப்பியர். சிறு சொல்தானே என்று அவர் கடந்து போகவில்லை. நீங்களும் அவ்வாறே கருத வேண்டும். ஒரு சிறு பயிற்சி சொல்லுகிறேன். நாள்தோறும் இரண்டு எளிய ஆங்கில வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வெவ்வேறு இணைப்புச் சொற்களால் அவற்றை இணைத்து எழுதுங்கள். பிறகு, ஒவ்வொன்றையும் பார்த்து, ‘இப்படிச் சொல்வதால் நான் எதை உண்மையென்று ஏற்கிறேன்?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கத் தகாததாயின் அச்சொல்லை அடித்துவிடுங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

இவ்வாறு பழகினால் உங்கள் ஆங்கிலம் சீர்படும். அதனினும் மேலாக, உங்கள் சிந்தனை சீர்படும்.