காலூன்ற ஒரு களம்



பெண்களின் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்த மேடை ஏற்ற இடமா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஏற்ற இடந்தான் என்பது எனது துணிபு. நான் பேச வந்தது பந்தைப் பற்றி மட்டுமன்று; நிலத்தைப் பற்றியும் ஊதியத்தைப் பற்றியுமாகும். இவ்விரண்டின் அருமையையும் உழவருக்கும் உத்தியோகத்தருக்கும் எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒரு நடுத்தர நகரத்திலே பெண்களுக்கென ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினால் அது நிலைத்து நிற்குமா? இதுவே கேள்வி. "பெண்கள் ஆடினால் யார் வந்து பார்ப்பார்கள்?" என்று ஏளனம் பேசுவோர் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு வரலாறு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டது.

இங்கிலாந்தின் பிறெஸ்ரன் நகரிலே, முதலாவது உலகப் போரின்போது 'டிக் கெர்' தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஓர் அணியை அமைத்தார்கள். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூலின் கூடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைக் காண ஏறத்தாழ 53,000 மக்கள் திரண்டனர். பார்ப்பதற்கு ஆள் இல்லையென்று இதன் பிறகு யார் சொல்ல முடியும்? ஆயினும், 1921 டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் செய்தது என்ன? தன்னைச் சேர்ந்த கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களின் ஆட்டங்களுக்குக் கொடுத்தல் ஆகாது என்று தீர்மானித்தது. பெண்களின் கால்களுக்கு அது விலங்கு பூட்டவில்லை. அந்தக் கால்களின் கீழிருந்த நிலத்தைப் பறித்தது. அவ்வளவே போதுமானதாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அந்தத் தடை நீடித்தது.

அன்பர்களே! இனி அமெரிக்க நாட்டுக்கு வருவோம். மிசூரி ஆற்றங்கரையிலே கன்சாஸ் சிட்டி என்றொரு நகரம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் 5 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். நியூயோர்க்கோடோ லொஸ் ஏஞ்சலிசோடோ ஒப்பிட்டால் அது நடுத்தர நகரமே. 2013இல் அமெரிக்காவில் தேசியப் பெண்கள் உதைபந்தாட்ட லீக் தொடங்கியபோது அந்நகரின் கழகமும் அதில் ஒன்றாக இருந்தது. 2014இலும் 2015இலும் தொடர்ந்து இருமுறை அக்கழகமே வெற்றிக் கிண்ணத்தை வென்றது. இவ்வளவு புகழ் பெற்ற கழகம் 2017ஆம் ஆண்டின் முடிவில் கலைக்கப்பட்டது! வீராங்கனைகள் யூட்டா மாநிலத்தில் புதிதாகத் தொடங்கிய கழகத்துக்கு அனுப்பப்பட்டனர்.

வென்ற கழகம் ஏன் வீழ்ந்தது? ஒரு பருவம் பாடசாலை மாவட்டம் ஒன்றின் விளையாட்டரங்கிலும், அடுத்த பருவம் பல்கலைக்கழக மைதானத்திலும், பின்னர் வேறோரிடத்திலுமாக அது ஆடியது. கடைசி ஆண்டில் அதன் உரிமை வேறு மாநிலத்து வணிகர் ஒருவரின் கைக்குச் சென்றது. விளைச்சல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடுத்த போகத்துக்குக் காணி கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சுகின்ற குத்தகைக்காரன் கிணறு வெட்டுவானா? வேலி அடைப்பானா? பத்து ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை நடுவானா? அக்கழகத்தின் நிலையும் அதுவே.

2020 டிசம்பரில் அதே நகரத்தவர் சிலர் முன்வந்து, யூட்டாக் கழகத்தின் வீராங்கனைகளைத் தம் நகருக்கு மீட்டெடுத்து, புதிய கழகத்தை நிறுவினர். 2021இல் ஒரு பேஸ்போல் மைதானத்திலே ஆடி, பத்துக் கழகங்களுள் பத்தாவதாக வந்தது அந்த அணி. மற்றவர்களாயின் கைவிட்டிருப்பார்கள். இவர்களோ வீராங்கனைகளுக்கெனத் தனிப் பயிற்சிக் களத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே அணி இறுதியாட்டம் வரை சென்றது. 2024 மார்ச் 16ஆம் நாள், 11 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில், 11,500 பேர் அமரத்தக்க சொந்த அரங்கத்தை ஆற்றங்கரையிலே திறந்தார்கள். தொழில்முறைப் பெண்கள் கழகம் ஒன்றுக்கென்றே கட்டப்பட்ட முதல் அரங்கம் என்று அது பெயர் பெற்றது. முதலாவது ஆட்டத்திலே போட்லன்ட் அணியை 5க்கு 4 என்ற கோல் கணக்கில் அவர்கள் வென்றனர்.

உண்மையை மறைக்க நான் விரும்பவில்லை. அந்த அரங்கம் நிற்கும் நிலமும் குத்தகை நிலமே. துறைமுக அதிகாரசபைக்கு உரியது. ஆனால், அது 50 ஆண்டுக் குத்தகை! ஓராண்டுக் குத்தகைக்கும் ஐம்பது ஆண்டுக் குத்தகைக்கும் உள்ள வேற்றுமையை இச்சபையிலுள்ள உழவர்கள் என்னைவிட நன்கறிவார்கள். ஆட்டநாளை யாரிடமும் கேட்டுக் குறிக்க வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டின் வருமானம் பிறர் பெட்டிக்குப் போவதில்லை. அந்த நம்பிக்கையை நம்பி வீராங்கனைகளும் வந்தார்கள். ஆபிரிக்காவின் மலாவி நாட்டிலிருந்து வந்த தெம்வா சாவிங்கா 2024ஆம் பருவத்தில் 20 கோல்களை அடித்து லீக்கின் சாதனையை முறியடித்தார்.

அடுத்தது ஊதியம். 2013இல் அந்த லீக்கில் ஒரு வீராங்கனைக்குக் கொடுக்கப்பட்ட மிகக் குறைந்த ஊதியம் பருவம் ஒன்றுக்கு 6,000 டொலர். அமெரிக்காவிலே அதைக்கொண்டு வாடகை கொடுக்கவும் இயலாது. பகலிற் பயிற்சி, மாலையில் வேறு வேலை என்று பலர் வாழ்ந்தார்கள். பயிற்றுநர் சிலரின் கொடுமைகளைப் பற்றி வீராங்கனைகள் பகிரங்கமாகப் பேசிய 2021ஆம் ஆண்டில் அந்த லீக்கே அதிர்ந்தது. வயிற்றுக்கு அஞ்சி வாழ்பவர் வாய் திறப்பது அரிது என்பதை அறியாதவர் யார்? அவர்கள் தொழிற்சங்கமாக ஒன்றுபட்டார்கள். 2022இல் முதலாவது கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. குறைந்தபட்ச ஊதியம் 35,000 டொலராயிற்று. அது கருணையால் வந்ததன்று, ஒற்றுமையால் வந்தது.

சொந்த அரங்கம் கட்டப் பெருஞ்செல்வர் வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. போட்லன்ட் நகரின் பெண்கள் அணி ஆண்கள் அணியோடு ஒரே அரங்கத்தைப் பகிர்ந்துகொண்டே 2019இல் சராசரியாக ஆட்டமொன்றுக்கு 20,000 பேரை ஈர்த்தது. ஆகவே, கட்டடம் சொந்தமோ பொதுவோ, அங்கே பெண்களுக்கு உள்ள இடம் உரிமையா, சலுகையா என்பதே கேள்வி. சலுகையை நினைத்தபோது மீளப் பெறலாம். உரிமையை அவ்வாறு பெற முடியாது.

நமது ஊர்ப் பாடசாலை மைதானங்களிலும் பெண் பிள்ளைகள் உதைபந்தாடுகிறார்கள். அவர்கள் பாடசாலையை விட்டு வெளியேறும் நாளில் பந்தையும் விட்டுவிட வேண்டுமா? நாளை ஒருவர் வந்து, "பெண்களுக்கு ஓர் அணி அமைக்கப் போகிறேன்" என்று சொன்னால், அவரை வாழ்த்துங்கள். வாழ்த்திவிட்டு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அவர்கள் எந்த மைதானத்தில், எந்த உரிமையோடு ஆடுவார்கள்? அவர்களுக்கு என்ன ஊதியம் கொடுப்பீர்கள்? சீருடையின் நிறத்தையும் அணியின் பெயரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிலம் இல்லாத இடத்தில் விதையைக் குறை சொல்லாதீர்கள்.