அடையாளத்தை எப்போது கேட்க வேண்டும்?

(திருக்கழுக்குன்றத்தில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், கேம்ல பணம் கட்டும்போது ஒண்ணும் கேக்கல. ஜெயிச்சத எடுக்கப் போனா ஆதார் கேக்குது. அப்பா ஆதார அனுப்பலாமா?" ஆடியது அப்பாவின் கைபேசியில், கட்டியது 400 ரூபாய்.

வங்கியில் கணக்கு தொடங்கும்போதே அடையாளம் கேட்கிறார்கள். இந்தச் செயலியோ பணத்தை வாங்கிக்கொண்டு, திருப்பித் தரும்போதுதான் 'நீ யார்?' என்கிறது. முதலிலேயே வயதைச் சரிபார்த்திருந்தால் அவன் உள்ளேயே போயிருக்க முடியாது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வந்த ஒழுங்குமுறைகள் இதைத்தான் வலியுறுத்தின. கணக்கு தொடங்கும்போதே ஆதார், ஓடிபி சரிபார்ப்பு. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதியில்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்நுழைய முடியாது. இவை செல்லும் என்று 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்து சட்டம் இயற்றியது. அச்சட்டம் நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் தண்டிக்கிறது, ஆடியவரைத் தண்டிப்பதில்லை.

இதை மாணவர்களிடம் சொல்லுங்கள். பயந்தால் மறைப்பார்கள், மறைத்தால் பணத்தோடு அப்பாவின் ஆதார் விவரமும் போய்விடும். ஓடிபி சொல்வது அப்பாவின் கையெழுத்தைப் போடுவதற்குச் சமம் என்று புரியவையுங்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அந்த மாணவன் ஆதாரை அனுப்பவில்லை. 400 ரூபாய் திரும்பவில்லை. நான் உடனிருக்க, அப்பாவிடம் அவனே நடந்ததைச் சொன்னான்.