மென்மையும் மெலிவும்



காவிரி பாயும் இத் தஞ்சை நிலத்தில், முட்டாத மாட்டைச் 'சாது' என்கின்றோம். எதிர்த்துப் பேசாத மாந்தனையும் 'சாது' என்கின்றோம். வடமொழியில் இச்சொல்லுக்கு நேரியது, நல்லது என்பன பொருள். நாமோ அதனை வாங்கி, வாய் திறவாதவனுக்குச் சூட்டினோம். நமக்குச் சொல் இல்லையா? 'மெல்' என்னும் ஓர் அடியினின்றே மென்மை, மெல்ல, மெலிவு, மெலியார் எனச் சொற்கள் கிளைத்துள்ளனவே!

இவற்றுள் மென்மை வேறு, மெலிவு வேறு. மென்மை, பண்பு. மெலிவு, வலுவிழந்த நிலை. 'சாது' என்னும் இரவற்சொல் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

கழகக்காலப் பாடல்கள் வயல்சார்ந்த நிலத்தை மென்புலம் என்றும், காடும் மலையும் சார்ந்த நிலத்தை வன்புலம் என்றும் வழங்கின. மென்புலம் வலுவற்ற நிலமா? நீர் பாய்ச்சி, கட்டி கரைய உழுத சேற்றிலன்றோ நாற்று வேர் பிடிக்கின்றது! நாட்டுக்குச் சோறிட்டது அந்த மென்மையே.

தொல்காப்பியர் கசடதபற என்பவற்றை வல்லெழுத்து என்றும், ஙஞணநமன என்பவற்றை மெல்லெழுத்து என்றும் வகுத்தார். 'தஞ்சை' என்று சொல்லிப் பாருங்கள். மெல்லெழுத்தாகிய ஞகரம் முன்னே நின்று, வல்லெழுத்தாகிய சகரத்தைத் தாங்குகின்றது. அங்கே மென்மை வன்மைக்கு அடிமையன்று, இணை.

மெலிவோ பிறரால் ஆக்கப்படுவது. சேற்றில் இறங்கி உழைத்தவனை அரைவயிற்றோடு நிறுத்திவிட்டு, அவன் பேசாமையைச் 'சாது' என்று புகழ்ந்தனர். அவன் கூலி உயர்வு கேட்டபோது அப்புகழ் என்னவாயிற்று? 1968 திசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். மெலிவினின்று எழ முயன்ற மக்களுக்கு வன்மை தந்த விடை அது!

திருவள்ளுவர் அருளுடைமையைக் கூறுமிடத்து, மெலியார்மேல் பாய்பவனை நோக்கியே பேசுகின்றார். தன்னினும் வலியார்முன் தான் நிற்கும் நிலையை நினைக்கச் சொல்கின்றார். மென்மையை அவர் வலியவனிடம் கேட்டார். நாமோ அதனை மெலிந்தவனிடமே கேட்டுவருகின்றோம்.

ஆகவே, ஒருவனைச் 'சாது' என்று சொல்ல நா எழும்போது, சற்றே நின்று எண்ணுங்கள். அவன் மென்மையனா? மெலிந்தவனா? மென்மையன் எனின் அவனைப் போற்றுங்கள்; மெலிந்தவன் எனின் அவன் பக்கம் நில்லுங்கள்!